காய்கறிக்காரருக்கு எச்.ஐ.வி. இருந்தால் வாங்குவீர்களா?

மதுரையில் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில், உலக எய்ட்ஸ் நாளை ஒட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள். டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கூப்பிட்ட தோழர் "எச்.ஐ.வி. விழிப்புணர்வு பற்றிப் பேசுங்க அக்கா" என்றார். சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு, உறுதிமொழி எடுத்து, பதாகை பிடித்துப் பேரணி போவதை நீங்கள் எல்லோரும் கல்லூரியில் செய்திருப்பீர்கள். அதைத் திரும்பவும் செய்ய வேண்டாம். என் ஆய்வில் நான் மாட்டிக்கொண்டு நிற்கிற ஓர் இடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் நாட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீடு வீடாக வந்து கருத்தடை, தடுப்பூசி, இரத்தசோகை என்று கேட்பார்கள். எச்.ஐ.வி. பற்றியும் ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு கேள்வி: காய்கறி விற்கிறவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்தால் அவரிடம் காய்கறி வாங்குவீர்களா? ஒரு சமூகம் தொற்றுள்ளவர்களை எவ்வளவு ஒதுக்குகிறது என்று அளப்பதற்குப் பல நாடுகளில் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் கை பட்ட காய்கறியை வாங்கலாமா, அவர் கறந்த பாலைக் காய்ச்சலாமா, அவர் வடித்த சோற்றைப் பிள்ளைகள் தின்னலாமா? எங்கள் தெருவுக்கு இது எந்தக் காலத்திலும் கணக்கெடுப்புக் கேள்வியாக இருந்ததில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டு நின்றார்கள். அந்தம்மாவின் கையில் என்ன கிருமி இருந்தது?

சரி, அறிவியலை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே வரும்போதே ஒரு தம்பி சலூன் கத்தியைப் பற்றிக் கேட்டார். அந்தச் சந்தேகத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நான் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.

எச்.ஐ.வி. பரவுகிற வழிகள் சில மட்டுமே. இரத்தம், விந்து, பெண்ணுறுப்பு மற்றும் மலவாய்த் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றில்தான் தொற்ற வைக்கும் அளவுக்கு வைரஸ் இருக்கும். அவை இன்னொருவர் உடம்புக்குள் போக வேண்டும். பாதுகாப்பற்ற உடலுறவு, ஊசியைப் பகிர்வது, பரிசோதிக்காத இரத்தத்தை ஏற்றுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று நான்கு வழிகள். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாகப் பரவாது. ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே கழிப்பறை, ஒரே பாய், தும்மல், இருமல், கட்டிப்பிடிப்பது, கன்னத்தில் முத்தம், நீச்சல் குளம் எதுவும் கிடையாது. கொசு? கொசு கடிக்கும்போது நமக்குள் விடுவது தன் எச்சிலை. முன்பு குடித்தவரின் இரத்தத்தை அது நமக்குள் செலுத்துவதில்லை. அதன் வயிற்றில் இந்த வைரஸ் பெருகவும் முடியாது, செரித்துப்போகும். சலூன் கத்திக்கு வருவோம். உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில் இந்த வைரஸ் சீக்கிரம் வீரியம் இழந்துவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடச் சொல்லுங்கள். எச்.ஐ.வி.யை விடப் பல மடங்கு எளிதாகத் தொற்றுகிற ஹெபடைடிஸ் பி என்று ஒன்று இருக்கிறது, அதற்காக. அதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை என்பது வேறு கதை.

இதெல்லாம் இன்று நேற்றுக் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். 1986இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எய்ட்ஸ் முற்றிய 39 பேர், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேர். பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள், நெருக்கடியான வீடுகள். ஒரே படுக்கை, ஒரே தட்டு, ஒரே துண்டு, சில வீடுகளில் ஒரே பல் துலக்கும் பிரஷ், ஒரே சவரக் கத்தி. உடலுறவுத் துணைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த 101 பேரில் தொற்று இருந்தது ஒரே ஒரு குழந்தைக்கு. அதுவும் பெரும்பாலும் பிறப்பின்போதே தாயிடமிருந்து வந்தது. அதாவது, தட்டு டம்ளர் கேள்விக்கு 1986லேயே விடை கிடைத்துவிட்டது.

அதே 1986இல்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தது. நம்முடைய சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலாளிப் பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். மற்ற ஊர்களைப்போலச் சென்னையில் தனிச் சிவப்பு விளக்குப் பகுதி இல்லாததால், பிடித்து அடைக்கப்பட்டிருந்த பெண்களைத் தேடிக் காப்பகத்துக்குப் போனார். மாதிரிகளை வைக்க வேறு இடம் இல்லை. தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, பிறகு வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போனார். ஆறு பெண்களுக்குத் தொற்று இருந்தது. தான் சமைத்துச் சாப்பிடும் வீட்டின் ஃபிரிட்ஜில் அதை வைத்திருந்த அந்த மாணவிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாட்டுக்கு ஆனது என்னவென்றால், முதல் நாளிலிருந்தே எச்.ஐ.வி. "அந்த மாதிரி ஆட்களின்" நோய் ஆகிவிட்டது. அடைபட்டிருந்ததால் பரிசோதிக்கப்பட்டார்கள், பரிசோதிக்கப்பட்டதால் அவர்கள் பெயரில் எழுதப்பட்டது. இதே நோயை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன ஆண்களை யாரும் அடைத்து வைத்து இரத்தம் எடுக்கவில்லை.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். தென் மாவட்டங்களில் தொற்றுள்ளவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் மூன்றாண்டுகளாகச் சந்தித்துப் பேசி வருகிறேன். குடும்பத்தாரிடம் நான் தவறாமல் கேட்பது, "தொட்டா ஒட்டுமா?" அனேகமாக எல்லோரும் ஒட்டாது என்றார்கள். கொசு பற்றிக்கூடச் சரியாகச் சொன்னார்கள். டி.வி. விளம்பரம், அங்கன்வாடி, ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகர் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாடம் ஏறியிருக்கிறது. ஆனால் கொல்லைப்புறத்தில் ஒரு தட்டு தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஒரு மாமியாரிடம் அந்தத் தட்டைக் காட்டிக் கேட்டேன். மகனால் தொற்று வந்த மருமகள், மகன் இறந்து நான்காண்டு ஆகிறது. அந்தம்மா சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "ஒட்டாதுன்னு தெரியும்மா. டாக்டரும் சொன்னாங்க. ஆனா கை வரமாட்டேங்குது."

கை வரவில்லை. இதை என் ஆய்வுக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பேராசிரியர், "அறிவுக்கும் நடத்தைக்கும் இடையிலான இடைவெளி" என்றார். பொதுச் சுகாதாரப் புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. இன்னும் நிறையச் சொல்லிக் கொடுத்தால் இடைவெளி அடைபடும் என்பது நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தம்மாவின் கை சும்மா தயங்கவில்லை. தட்டை எங்கே வைப்பது, தண்ணீரை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுவது, துணியை எந்தக் கொடியில் காயப்போடுவது, சாப்பாட்டை எந்த வாசல் வழியாக நீட்டுவது என்று அத்தனையும் தெரிந்த கை அது. எச்.ஐ.வி. வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கைக்கு அந்தப் பயிற்சி கொடுக்கப்பட்டுவிட்டது. மாதவிலக்கான பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வீட்டுக்குள்ளேயே அதே பயிற்சி. வயல் வேலைக்கு வந்த நம் பாட்டிக்கு வாசலில் நின்று கஞ்சி ஊற்றியது அதே கை. இரட்டைக் குவளை பழைய கதை என்று யாராவது சொன்னால், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் மாவட்ட ஆட்சியர் நேரில் போனபோது ஒரு தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்து வழக்குப் பதிவானதை ஞாபகப்படுத்துங்கள்.

தீட்டு என்பது ஒரு நோய்க் கோட்பாடுதான், யோசித்துப் பாருங்கள். தொட்டால் ஒட்டும், பாத்திரம் வழியாகப் பரவும், தண்ணீரில் கலக்கும், கழுவினால் கொஞ்சம் போகும், பிறப்பில் வந்தால் போகவே போகாது. ஒரே வித்தியாசம், எந்தச் சோதனைக்கூடத்திலும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. 1927இல் மகத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் குடித்தார்கள். அதற்குப் பின் சாதி இந்துக்கள் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்த பஞ்சகவ்யத்தைக் குடம் குடமாகக் கொட்டிக் குளத்தைச் "சுத்தம்" செய்தார்கள். அங்கே கிருமியியல் பாடம் எடுத்திருந்தால் நின்றிருக்குமா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. சாதியே இல்லாத ஊரில் இந்தப் பயம் இல்லையா? இருந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரையன் வைட் என்ற சிறுவன், இரத்தம் உறையாமை நோய்க்குச் செலுத்திய மருந்து வழியாகத் தொற்று வந்தவன். 1985இல் அவனைப் பள்ளிக்குள் விடவில்லை. வழக்காடித் திரும்பி வந்தபோது தனிக் கழிப்பறை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டு, கரண்டி. அங்கேயும் தட்டுதான், பார்த்தீர்களா. 1987இல் இங்கிலாந்து இளவரசி டயானா உறை போடாத கையோடு ஒரு நோயாளியின் கையைக் குலுக்கியது உலகச் செய்தியானது. ஆகவே எச்.ஐ.வி. பயத்தைச் சாதி கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. புது நோய் வந்தால் மனிதன் மிரள்வான். அங்கே மிரண்டவர்கள் புதிதாகச் சில தடுப்புகளை உண்டாக்க வேண்டியிருந்தது. இங்கே எதையும் உண்டாக்கத் தேவைப்படவில்லை, எல்லாம் வீட்டிலேயே தயாராக இருந்தது. அதனால்தான் பயம் போன பின்னும் பழக்கம் போகவில்லை. அந்த மாமியாருக்குப் பயம் இல்லை தோழர்களே, அதுதான் விஷயம்.

சாதியும் எச்.ஐ.வி. ஒதுக்கலும் ஒன்று என்று சுருக்கிவிடவும் கூடாது. தொற்றை மறைக்கலாம், மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு ஊருக்குள் போகலாம். சாதியை அப்படிக் கிழிக்க முடியாது. இன்னொன்றும் பார்த்தேன். ஓர் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்கள் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த ஒரு பெரியவர் அந்தப் பக்கமே போகமாட்டார், வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வருவார். பேச்சுவாக்கில் காரணம் கேட்டேன். "சீக்கு ஒண்ணுதாம்மா. அதுக்காக எல்லாரும் ஒண்ணாயிட முடியுமா?" என்றார். அவருடைய வீட்டில் அவருக்கும் தனித் தட்டுதான்.

அரசும் ஒன்றும் சளைத்ததில்லை. கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் தவறாமல் இரத்த தானம் செய்பவர். 1989இல் போலீஸ் அவரை அழைத்துப்போய், பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடத்தில் 64 நாட்கள் தனியாக அடைத்து வைத்தது. அவர் செய்த குற்றம், தானம் கொடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அப்படி அடைத்து வைக்கக் கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் இடம் கொடுத்தது. அவருடைய அம்மா வழக்குப் போட்டார். பம்பாய் உயர் நீதிமன்றம் தனிமைப்படுத்தும் அதிகாரம் செல்லும் என்றது. உடலுறவாலும் இரத்தத்தாலும் பரவும் நோய்க்கு, சுவரும் பூட்டும் எதற்கு என்று நீதிமன்றத்துக்கே தோன்றவில்லை. 2003இல் கேரளத்தின் கொல்லத்தில், தொற்றுள்ள இரண்டு குழந்தைகள் படித்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று மற்றப் பெற்றோர்கள் மறித்தார்கள். அப்போதைய ஒன்றிய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நேரில் வந்து அந்தக் குழந்தைகளைக் கட்டிப்பிடித்தார். நல்ல செயல்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் புகைப்படத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் இருக்கிறதே.

நம்மூரில் 2000களின் தொடக்கத்தில் சுவர் சுவராக ஒரு கேள்வி எழுதியிருந்தார்கள்: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள். எனக்குப் பத்து வயது இருக்கும். விளம்பரமாகப் பார்த்தால் பெரிய வெற்றி, ஊரே பேசியது. பிள்ளைகள் நாங்கள் ஒருவரை ஒருவர் புள்ளிராஜா என்று கூப்பிட்டுக் கேலி செய்தோம். என் கணக்கில் அந்த விளம்பரம் செய்த ஒரு வேலை, எச்.ஐ.வி.க்கு ஒரு முகத்தை வரைந்து கொடுத்தது. "போகிற" ஆணின் முகம். கணவனிடமிருந்து தொற்று பெற்ற ஆயிரக்கணக்கான பெண்களும், பிறக்கும்போதே பெற்ற பிள்ளைகளும் அந்தக் கேலிக்குள் வாழ்ந்தார்கள்.

இனிச் சொல்லப்போவது என் வீட்டு விஷயம்.

என் அம்மா ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். மருத்துவமனை பெயர் வேண்டாம், அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, குப்பைப் பையைக் கட்டித் தூக்கிய அம்மாவின் உள்ளங்கையில் யாரோ உள்ளே போட்டிருந்த ஊசி ஏறிவிட்டது. ஊசிக்கென்று தனி டப்பா உண்டு, அதில்தான் போட வேண்டும். கையுறை மாதத்துக்கு ஒரு ஜோடி, அது முதல் வாரமே கிழிந்துவிடும். மேஸ்திரியிடம் சொன்னார். "டெட்டால் ஊத்திக் கழுவிட்டு வேலையப் பாரு" என்று பதில். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரை உண்டு, 28 நாள் சாப்பிட வேண்டும், அது அதே மருத்துவமனையில் மாடியில் இருந்தது. யாரும் சொல்லவில்லை. எங்களிடம் அம்மா வாயைத் திறந்தது ஆறாவது நாள்.

தொற்றுள்ளவர் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வருகிற வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. குறைவுதான். தட்டில் சாப்பிடுவதற்கு அது பூஜ்யம். ஆயிரத்தில் மூன்றுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டேன். ஆறாவது வாரம் ஒரு சோதனை, மூன்றாவது மாதம் ஒரு சோதனை. இரண்டிலும் தொற்று இல்லை என்று வந்தது. அந்த மூன்று மாதமும் அம்மா தன் தட்டைத் தானே தனியாக வைத்துக்கொண்டார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தம்பி எச்சில் டம்ளரில் குடிக்க வந்தால் பிடுங்கிக் கழுவினார். மருத்துவமனையில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு எது ஒட்டும் எது ஒட்டாது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். "தெரியும்டி, இருந்தாலும்" என்பார்.

யார் வீட்டு வாசலிலோ நின்று கற்ற பாடத்தை அம்மா தன் மேலேயே போட்டுக்கொண்டார்.

இதிலிருந்துதான் என் ஆய்வே தொடங்கியது. பயம் ஓர் இடத்தில் இருக்கிறது, ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. டம்ளரைப் பார்த்து நாடே பயப்படுகிறது. கிழிந்த கையுறையோடு ஊசிக் குப்பை அள்ளுகிற கையைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை. அந்தக் கைகள் பெரும்பாலும் யாருடையவை என்று இந்த அரங்கத்தில் நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனைகளில் இன்னொரு காட்சியும் உண்டு. தொற்றுள்ளவர் என்று தெரிந்ததும் நாடி பிடிப்பதற்கே இரண்டு கையுறை போடுகிறார்கள், படுக்கையை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள், அறுவைச் சிகிச்சையை இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்கிறார்கள். பலர் என்னிடம் இதைச் சொன்னார்கள். நாடி பிடிக்க இரண்டு உறை, குப்பை அள்ள அரை உறை.

எங்கள் பக்கத்து ஊரில் ஆதிக்கச் சாதி வீட்டில் ஒருவர் எய்ட்ஸால் இறந்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். குளிப்பாட்ட மகனே வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். போன தாத்தா திரும்பி வந்து கேட்டது எங்களுக்குள் இன்றும் ஓடுகிறது: "தொட்டா ஒட்டிக்கும்னா என்னை எதுக்குடா தொடச் சொன்னான்?"

ஆனால் அதே எங்கள் தெருவில், மும்பையிலிருந்து நோயோடு திரும்பிய எங்கள் ஆள் ஒருவரைத் தூக்கவும் ஆள் கிடைக்கவில்லை. காலங்காலமாக ஊர்ச் சாவுகளையெல்லாம் சுமந்த தெரு அது. அன்று பிளாஸ்டிக் சுற்றிய அந்த உடம்பை நகராட்சி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை நாம் மேடையில் சாதிகளுக்கு இடையில் மட்டும் பார்க்கிறோம். தனக்குக் கீழே ஒருவர் கிடைத்தால் ஒதுக்கிப் பார்க்கிற கை நம் வீட்டிலும் இருக்கிறது. இதைச் சொன்னால் இயக்கத் தோழர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஒதுக்கல் என்ன செய்யும் என்பதற்கு 2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது ஒன்று போதும். கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. உள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. நாடெங்கும் செய்தி. பரிசோதித்து ஒதுக்க வேண்டிய இரத்தத்தை அமைப்பு கோட்டை விட்டது. அதைக் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதைத் தெரிந்துகொண்டார். தெரிந்ததும் அவரே மருத்துவமனைக்குப் போய், என் இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று சொன்னார். 2016லேயே அவர் கொடுத்த இரத்தத்தில் தொற்று இருந்ததாகவும் அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றும் செய்திகள் வந்தன. இந்தக் கதையில் சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர். செய்தி பரவிய சில நாட்களில் அவர் தற்கொலைக்கு முயன்று இறந்துபோனார். எச்.ஐ.வி. அவரைக் கொல்லவில்லை. மாத்திரை எடுத்துக்கொண்டு அறுபது எழுபது வயதுவரை வாழ்ந்திருக்கலாம்.

மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது பரவலாகத் தெரியவில்லை. 2004 ஏப்ரலிலிருந்து அரசு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தருகிறது. தமிழ்நாட்டில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் தொடங்கியது. ஒழுங்காக எடுத்துக்கொண்டால் இரத்தத்தில் வைரஸின் அளவு கருவிக்கே தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கி நிலைத்தவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடத் தொற்று பரவாது. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மருந்தெடுக்கும், மற்றவருக்குத் தொற்று இல்லாத 700க்கும் மேற்பட்ட ஆண் இணைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமலேதான் உறவு. துணையிடமிருந்து தொற்று பெற்றவர் ஒருவர்கூட இல்லை. நாம் இன்னும் டம்ளரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது, பள்ளி கல்லூரியில் மறுக்கக் கூடாது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் சோதனை செய்யவோ, முடிவை அடுத்தவரிடம் சொல்லவோ கூடாது. விடுதியில் உங்கள் அறைத்தோழருக்குத் தொற்று என்று தெரிய வந்தால், அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவது உங்கள் வேலை இல்லை. சந்தேகம் இருந்தால் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.

அந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொற்று அபாயம் உள்ள மருத்துவமனை போன்ற நிறுவனங்கள் அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும், அதைப் பயன்படுத்தப் பயிற்சியும், ஊசி குத்திவிட்டால் தடுப்பு மருந்தும் கொடுத்தாக வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் அதற்கு வெளியே இல்லை. அம்மாவிடம் அந்தப் பிரிவைத் தமிழில் படித்துக் காட்டினேன். "இத அந்த மேஸ்திரிக்கு யாரு படிச்சுக் காட்டுவா?" என்றார்.

அதற்காகத்தான் இதைச் செய்திருக்கிறோம். மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு மாதம் எத்தனை கையுறை கொடுக்கப்படுகிறது, கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஊசிக் காயங்கள் பதிவாகியிருக்கின்றன, அவர்களில் எத்தனை பேருக்கு 72 மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்கப்பட்டது, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எத்தனை பேருக்குப் போடப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்விகள். விண்ணப்பங்கள் பின்னால் மேசையில் இருக்கின்றன. ஒருவர் ஒரு மருத்துவமனை எடுத்துக்கொண்டால் போதும். பத்து ரூபாய்க் கட்டணத்துக்கு நீதிமன்ற வில்லை ஒட்ட வேண்டும், நான் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். போட்டவர்கள் பதிவு அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். முப்பது நாள் கழித்து இதே இடத்தில் உட்கார்ந்து வந்த பதில்களைப் படிப்போம்.